பதினொரு கொப்பிகளும் ஒரு முதன்மை எண்ணும்

அவரை ஏற்றிக்கொண்டு சோதனைச் சாவடியைக் கடக்க எங்கள் தெருவில் ஒருவரும் முன்வரமாட்டார்கள், என்னைத் தவிர. நான் முன்வந்ததற்குத் துணிச்சல் காரணமல்ல. எனக்கு ‘ஏலாது’ என்று சொல்ல வராது. வாழ்க்கையில் நான் பட்ட பாட்டில் பாதி இந்தக் குறையால் வந்தது. மற்றப் பாதி வாயால் வந்தது.

அவர் தராசு திருத்துபவர். கல்முனைச் சந்தையில் பலசரக்குக் கடை, மீன்கடை, நெல் வாங்கும் இடம் என்று அவர் கைபடாத தராசு கிடையாது. ஊசித் தராசும் பார்ப்பார், பற்றரித் தராசும் பார்ப்பார். ஒரு கன்வஸ் பைக்குள் சின்னதும் பெரிதுமாகப் படிக்கற்கள். அந்தப் பையைத் தூக்குகிறவனுக்குத் தோள் இறங்கிவிடும்.

யுத்த காலம். பாண்டிருப்புப் பக்கம் ஒரு கடையில் வேலை. என் மோட்டார் சைக்கிளில் பின்னால் அவர், அவர் மடியில் பை. சாவடியில் நின்ற படைவீரர் பையைத் தூக்கிப் பார்த்தார், பாரம். முகம் மாறியது.

“இது என்ன?”

“படிக்கல்.”

“எத்தனை கிலோ?”

“இது அஞ்சு எண்டு எழுதியிரிக்கி,” என்றார் இவர். “நான் இன்னும் நிறுத்துப் பாக்கல்ல.”

எனக்குக் காதுக்குள் கடல் இரைந்தது. அந்த ஒரு பதிலுக்காக முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றோம். ஒவ்வொரு கல்லையும் வெளியே எடுத்துத் தட்டிப் பார்த்தார்கள். விட்ட பிறகு, பாலம் தாண்டி, நெஞ்சு பழைய இடத்துக்கு வந்த பிறகுதான் கேட்டேன். எங்களில் அண்ணன் முறையானவர் காக்கா.

“காக்கா, அஞ்சு எண்டு செல்லியிருந்தா அப்பவே விட்டிருப்பாங்களே.”

“அஞ்சு இல்லாட்டி?”

“இல்லாட்டி என்ன, ஆரு நிறுக்கப் போற?”

“பொய்யாப் போகும் தம்பி.”

மனிதர் அவ்வளவுதான். இதற்கு மேல் அவரைப் பற்றி நான் எழுதப்போவது எல்லாம் இதே கதையின் வேறு வேறு நாட்கள். அவர் மௌத்தாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. பெயரைப் போடவில்லை. போட்டால், யாரிடம் கேட்டுப் போட்டாய் என்று கனவில் வந்து கேட்பார்.

பிறை விசயத்தில் மட்டும் அவர் தன் கண்ணைக் கேட்பதில்லை. பள்ளிவாசலில் அறிவித்தால் பெருநாள்தான். நான் சீண்டுவேன்.

“இதுக்கு மட்டும் எப்பிடி நம்புறீங்க?”

“சாட்சி இரிக்கி. கண்டவங்க வந்து நிண்டு செல்லியிரிக்காங்க. காணாம சாட்சி செல்றது எவ்வளவு பெரிய பாவம் எண்டு உனக்குத் தெரியாதா?”

தெரியும் என்றேன். அப்போது அது எனக்கு ஒரு கதை. பிறகுதான் அது என் கழுத்துக்கு வந்தது.

அந்த எண் வந்த விதம் சொல்ல வேண்டும். ஒரு மொத்தக் கடையில் கணினியோடு பொருத்திய புதுத் தராசு வாங்கியிருந்தார்கள். ஒரு நாள் பருப்பு மூட்டையை வைத்தால் திரையில் 2147483647 கிலோ என்று வந்து நின்றுவிட்டது. முதலாளி, “இவ்வளவு பருப்பு எனக்கிட்ட இரிந்தா நான் ஏன் இஞ்ச வேர்த்துட்டு நிக்கன்,” என்றாராம். இவரையும் கூப்பிட்டார்கள், கொழும்பிலிருந்து கணினி திருத்துகிற இளைஞனும் வந்தான். அவன் விளக்கினான். இந்தப் பெட்டிக்குள் அடங்கும் ஆகப் பெரிய எண் இதுதான். இரண்டை முப்பத்தொரு தரம் போட்டுப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது. அதற்கு மேல் போனால் பெட்டி குழம்பிவிடும். அதோடு நிறுத்தியிருக்கலாம். தன் கெட்டித்தனத்தைக் காட்ட ஆசைப்பட்டு, “இது ஒரு முதன்மை எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேற எதாலயும் மீதியில்லாம வகுபடாது,” என்றும் சொல்லிவிட்டான்.

“நீங்க வகுத்துப் பாத்தீங்களா?” என்று இவர் கேட்டார்.

“இல்ல. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.”

“எல்லாரும் எண்டா ஆரு?”

அவன் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டு அடுத்த பஸ் பிடித்தான்.

அன்று பின்னேரம் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் சீனிப் பேப்பரில் அந்தப் பத்து இலக்கம்.

“தம்பி, நீ கணக்கு வாத்தி. இது வகுபடுமா?”

நான் கணக்கு வாத்திதான், எட்டாம் ஆண்டுக்கு. எனக்குத் தெரிந்த முதன்மை எண்கள் கரும்பலகையின் ஒரு ஓரத்துக்குள் அடங்கிவிடும். அவரைக் கழற்றிவிட ஒரு வழி செய்தேன்.

“காக்கா, காரணிகள் சோடியாத்தான் வரும். ஒண்டு பெரிசெண்டா மத்தது சின்னது. அதனால இதின்ட வர்க்கமூலம், 46340 வரைக்கும் வகுத்தாப் போதும். அதுலயும் முதன்மை எண்களால மட்டும். எப்பிடியும் நாலாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் தரம் வகுக்கணும்.”

“அவ்வளவுதானா?” என்று எழும்பிப் போய்விட்டார்.

பயப்படுத்த எண்ணித்தான் சொன்னேன். நான் ஒருவரைப் பயப்படுத்த முயன்றது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான். பலித்தது எனக்கு.

தடித்த அட்டை போட்ட பெரிய சீஆர் கொப்பிகள் வாங்கினார். முதல் இரண்டிலும் 46340 வரை எண்களை எழுதி, இரண்டின் மடங்கு, மூன்றின் மடங்கு என்று வெட்டி வெட்டி, வெட்டுப்படாமல் மிஞ்சிய முதன்மை எண்களை எடுத்துக்கொண்டார். மூன்றாம் கொப்பியில் வகுத்தல் தொடங்கியது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 786. பிஸ்மிக்குப் பதிலாக எங்கள் வாப்பாமார் கடிதத்தின் மேலே போடுகிற எண். நான் வாயை அடக்காமல், “786 மூண்டால வகுபடும் காக்கா, அத முதல்ல கவனிங்க,” என்றேன். அவர் சிரிக்கவில்லை. மூன்றால் வகுத்தார், ஒன்று மீதி. ஐந்தால், இரண்டு மீதி. ஏழால் ஒன்று. பதினொன்றால் ஒன்று. மீதியைச் சுற்றி ஒரு வட்டம். கல்குலேட்டர் தருகிறேன் என்றேன். “அதுவும் பெட்டிதானே,” என்றார். ஒரு பெட்டி பருப்பு நிறுத்த விதத்தைக் கண்டவர் அவர்.

பக்கத்தின் அடியில் ஒரு கோடு கீறி, ‘சாட்சி’ என்று எழுதியிருந்தார்.

“நான் வகுத்தத நானே சரி எண்டா அது என்ன சரி? இன்னொரு ஆள் பாக்கணும். நீ பாத்து ஒப்பம் போடு.”

ஏலாது என்று சொல்ல வராதவன் என்ன செய்வேன்? கிழமைக்கு ஒரு தரம் கொப்பி வரும். நான் தொலைக்காட்சியில் கிரிக்கட் பார்த்துக்கொண்டே, பிள்ளைகளின் கொப்பிக்குப் போடுகிற அதே வேகத்தில் பக்கத்துக்கு ஒரு சிவப்புச் சரி போடுவேன். ஒரு கூட்டலைக்கூடப் பார்த்ததில்லை. கொஞ்ச நாளில் ஒப்பமிடவும் அலுத்து, என் பெயரும் பதவியும் பாடசாலையும் உள்ள ரப்பர் முத்திரையைக் குத்தத் தொடங்கினேன். ஒரு ஓவருக்குள் இருபது பக்கம் குத்தலாம். அவர் முத்திரையைப் பார்ப்பார், என் முகத்தைப் பார்ப்பார், கொப்பியை எடுத்துக்கொண்டு போவார்.

இருபதாயிரத்தைத் தாண்டிய சமயம் நான் எங்கேயோ படித்தேன். இந்த எண்ணுக்குக் காரணி ஒன்று இருந்தால் அதை 62ஆல் வகுக்க ஒன்றுதான் மிஞ்ச வேண்டும், மற்றவற்றைத் தொடவே தேவையில்லை. இதையும் இன்னொரு சூட்சுமத்தையும் வைத்து, இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்பே, பார்வை மங்கிப்போன ஒரு வெள்ளைக்காரர் முந்நூற்றுச் சொச்ச வகுத்தலுக்குள் வேலையை அடக்கிவிட்டார். ஓடிப்போய்ச் சொன்னேன்.

“ஏன் ஒண்டு மிஞ்சணும்?” என்று கேட்டார்.

விளக்கத் தெரியவில்லை.

“உனக்கே விளங்காத ஒண்ட எனக்கு ஏன் செல்ற?” என்றார். பிறகு, “அந்த மனிசன்ட கணக்க ஆரு பாத்துச் சரி செஞ்ச?” என்று கேட்டுவிட்டு அடுத்த முதன்மை எண்ணுக்குப் போனார்.

இப்படியே பதினொரு கொப்பி. நாற்பதாயிரம் தாண்டி, இன்னும் ஐந்நூற்றுச் சொச்சம் மட்டும் மிச்சம் இருந்தபோது, தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த அந்த ஏப்ரல் வந்தது.

அதற்குப் பிறகு எங்கள் கரையோர ஊர்கள் எப்படி மூச்சு விட்டன என்பதை வெளியே இருந்தவர்களுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது. வீடு வீடாகச் சோதனை. எதை வைத்திருந்தால் குற்றம் என்று யாருக்கும் நிச்சயமில்லை, ஆகவே எல்லாமே குற்றம்போலத் தெரிந்தது. அரபு எழுத்துள்ள கலண்டரைச் சுவரிலிருந்து கழற்றினார்கள். அதைக் கழற்றிய இடத்தில் சுண்ணாம்பு வெளுப்பாகத் தெரிந்தது, அதுவும் பயமாக இருந்தது. நான் என் மகனுடைய, படையினர் உடுப்புப்போலப் புள்ளி போட்ட பச்சைக் களிசானை வாய்க்காலில் அமுக்கினேன். அது மிதந்து வந்தது. கல் கட்டி மறுபடி அமுக்கினேன். மாமியின் இறைச்சிக் கத்தியைத் தென்னை அடியில் புதைத்துவிட்டு, புதைத்த மண் புதிதாகத் தெரிகிறதே என்று அதன் மேல் ஆட்டைக் கட்டினேன். ஆடு கால் மாற்றி நின்றால்கூட ஓடிப்போய் மண்ணைப் பார்த்தேன்.

அவருடைய மனைவியை நாங்கள் ராத்தா என்போம். ஒரு காலை மதிலடியில் நின்று கூப்பிட்டார்.

“தம்பி, அந்தக் கொப்பியள எடுத்துட்டுப் போங்க. எரிக்கவும் ஏலா, தாளுக்குத் தாள் 786. கடல்லயாவது கொண்டுபோய்ப் போடுங்க.”

“ராத்தா, கடற்கரையில நேவி நிக்கிது. ஒரு வாத்தி கட்டுக் கட்டா எதையோ கடல்ல எறியிறத அவங்க கண்டா, கொப்பிக்கு முன்ன நான் மிதப்பன்.”

“அப்ப அவருக்கிட்டச் செல்லுங்க. இது என்ட உம்மா எனக்குத் தந்த வீடு. இதுக்க அவர் மாப்பிள்ளையா வந்தவர், கொப்பியோட வரல்ல.”

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். அந்த ஆயுதத்தை முப்பது வருடத்தில் ராத்தா எடுத்ததே இல்லை. எடுத்தும் அவர் அசையவில்லை. முன் அறை மேசையில் பதினொரு கொப்பியும் இலக்கப்படி அடுக்கியிருந்தது. நான் ஒன்றைத் திறந்தேன். திறந்திருக்கக்கூடாது. பக்கம் முழுக்க எண்கள், தலையில் ஒரு எண், அடியில் என் பெயர், என் பதவி, என் பாடசாலை. புரட்டினேன். அடுத்த பக்கத்திலும் நான். அதற்கடுத்த பக்கத்திலும் நான். பிடிபட வேண்டிய ஆள் தன் விலாசத்தை ஆயிரத்துக்கு மேற்பட்ட தரம் அச்சடித்துக் கொடுத்திருந்தான்.

“காக்கா, ஒளிச்சி வைப்பம்.”

“களவெடுத்ததா, ஒளிக்க?”

“அப்ப ஒண்டு செய்வம். வந்து கேட்டா, என்ட கொப்பி எண்டு நான் செல்றன். நான் கணக்கு வாத்தி. நம்புவாங்க. நீங்க ஒண்டும் கதைக்காம இரிங்க, எல்லாத்தையும் நான் கதைக்கன்.”

அவர் கொப்பிகளின் ஓரத்தைத் தட்டி நேராக்கினார். ராத்தா கதவுக்குப் பின்னால் நின்று, “அல்லா உங்களுக்கு நல்லருள் செய்யணும் தம்பி,” என்றார். அந்த ஒரு துஆவைப் பெற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், வீரனாக.

இரண்டு நாள் கழித்து, காலை ஒன்பது மணியிருக்கும், தெருவின் இரு முனையும் அடைத்துவிட்டார்கள். நான் அவர் வீட்டு முன் அறையில் அகப்பட்டுக்கொண்டேன். படையினர் நால்வர் உள்ளே வந்தார்கள். ஒருவருக்குத் தமிழ் தெரியும். அலுமாரி, அரிசி வாளி, மெத்தையின் அடி எல்லாம் பார்த்தார்கள். மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொல்லவில்லை. கடைசியாக மேசைக்கு வந்தார்கள். தமிழ் தெரிந்தவர் ஒரு கொப்பியைத் திறந்தார், இன்னொன்றைத் திறந்தார். பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“இது யாருடைய கொப்பி?”

இதுதான் நான் பேச வேண்டிய இடம். வசனம் மனப்பாடம். நான் திறந்த வாயோடு சுவரில் கலண்டர் இருந்த வெளுத்த சதுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கதவிடுக்கில் ராத்தாவின் கண் என் மேல் இருந்தது தெரிந்தது. ஒரு ஆள் மூன்று தரம் பேசியிருக்கக்கூடிய நேரம் அது.

“என்ட,” என்றார் அவர்.

“இது டெலிபோன் நம்பரா?”

“இல்ல.”

“எல்லாப் பக்கத்திலயும் இருக்கே.”

“அதத்தான் வகுக்கன். முதன்மை எண் எண்டு செல்றாங்க. நான் இன்னும் முடிக்கல்ல.”

“மேல இருக்கிற 786?”

“அல்லாட பேரோட தொடங்குறதுக்கு.”

“யார் சொல்லி இதைச் செய்றீங்க?”

“ஒருத்தரும் செல்லல்ல.”

உலகத்தில் அந்தக் கேள்விக்கு அதைவிடப் பயங்கரமான பதில் இல்லை. யாராவது சொல்லிச் செய்தால் அது வேலை. யாரும் சொல்லாமல் ஒரு மனிதன் வருடக்கணக்காக ஒரே எண்ணை எழுதினால், அதை யார் நம்புவது? நானே நம்பியிருக்கமாட்டேன். கொப்பிகளை ஒரு அரிசிப் பையில் போட்டார்கள். அவர் சேர்ட் மாற்றிக்கொண்டு வந்தார். வாசலில் செருப்புப் போடும்போது என்னைப் பார்க்கவில்லை.

மூன்று நாள். பள்ளிவாசல் நிர்வாகத்தார் போய்க் கதைத்தார்கள், நான் போகவில்லை. எனக்கு வயிற்றோட்டம். பொய்யில்லை, உண்மையான வயிற்றோட்டம், பயத்தால் வந்தது. ஒவ்வொரு வாகனச் சத்தத்துக்கும், முத்திரையைக் கண்டுவிட்டார்கள், வந்துவிட்டார்கள் என்று கக்கூசுக்குள் போய்க் கதவைப் பூட்டுவேன். பிடிக்க வருகிறவர்களுக்கு அது நல்ல மறைவிடம் என்று தோன்றாதென்று ஒரு நம்பிக்கை. ராத்தா ஒரு தரம் வந்தார். என் மனைவியோடு அழவில்லை, என்னைத் திட்டவில்லை.

“நீங்க கதைக்கிறன் எண்டு சென்னீங்களே தம்பி,” என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் நாள் பின்னேரம் ஓட்டோவில் வந்து இறங்கினார். அரிசிப் பையும் வந்தது. பதினொன்றும் இருந்தன. அடித்தார்களா என்று ஊர் கேட்டது. இல்லை, தேத்தண்ணி தந்தார்கள் என்றார். எல்லாரும் போன பிறகு என்னிடம் சொன்னார்.

“பெரிய அதிகாரி ஒருத்தர் வந்தாரு. கணக்குப் படிச்சவர். தாளும் பேனையும் எடுத்து ரெண்டு மூண்ட அவரே வகுத்துப் பாத்தாரு. ஒண்டு பிழை.”

“எது?”

“19001ஆல வகுத்தது. மீதி 9628 வரணும். நான் 9638 எண்டு வட்டம் போட்டிரிக்கன். முத்திரையக் காட்டி, இந்த வாத்தியார் பாத்துச் சரி போட்டிரிக்காரே எண்டு கேட்டாரு.”

“நீங்க என்ன சென்னீங்க?”

“உள்ளதச் சென்னன். அந்த ஆள் ஒரு பக்கமும் பாக்கல்ல, கிரிக்கட் பாத்துட்டுக் குத்தினவர் எண்டு. அவரு சிரிச்சிட்டாரு. அப்ப அவரக் கூப்பிட்டு வேலையில்ல எண்டாரு.”

என்னைப் பற்றி இதுவரை யாரும் கொடுத்ததில் ஆக நேர்மையான நற்சான்று அது. அதுதான் என்னைக் காப்பாற்றியது.

“தெரிஞ்சிருந்துமா காக்கா குத்த விட்டீங்க?”

“மூண்டாம் கொப்பியிலயே தெரியும். எப்பயாவது ஒரு நாள் பாப்பாய் எண்டு நெனச்சன்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கதை முடிந்தது என்று நினைத்தேன். அவர் எழும்பவில்லை. அரிசிப் பையின் நூலை இழுத்து இழுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். தராசு முள்ளை நேராக்குகிற விரலால்.

“ரெண்டாம் நாள் இன்னொருத்தர் வந்தாரு தம்பி. கதவச் சாத்திட்டு ஒரே கேள்விய ஒரே மாதிரிக் கேட்டுட்டே இரிந்தாரு. இது முதன்மை எண்ணா, இல்லாட்டி வேற என்னவுமா? ஒண்டு செல்லு, ஒண்டு செல்லு எண்டு.”

“நீங்க?”

“ஓம், முதன்மை எண்தான் எண்டு சென்னன்.”

அவர் அதைச் சொன்ன விதத்தில், திருடியதை ஒப்புக்கொள்கிற ஒருவர் என் முன்னால் இருந்தார்.

“அது முதன்மை எண்தானே காக்கா. உலகத்துக்கே தெரியும்.”

“எனக்குத் தெரியாதே. ஐந்நூறு மிச்சம் கிடந்ததே. பயத்துல சென்னன்.”

அடுத்த நாளே மூன்றாம் கொப்பியிலிருந்து திரும்பத் தொடங்கினார். ஒரு பிழை இருந்தால் எல்லாவற்றிலும் இருக்கலாம். அஸர் தொழுகைக்குப் பிறகு, பொழுது சாய்ந்து மஃரிப் வரும் வரை நான் பக்கத்தில் இருந்தேன். தொலைக்காட்சியும் இல்லை, முத்திரையும் இல்லை. அவர் வகுத்ததை நான் தனியே என் தாளில் வகுப்பேன். வேறு பிழைகளும் அகப்பட்டன, திருத்தினோம். கடைசி இலக்கத்தை இறக்கிக் கழிக்கும் இடம் வந்தால் அவர் மூச்சைப் பிடிப்பார். முன்பு அப்படிச் செய்ததில்லை. மீதி பூச்சியமாக வந்துவிட்டால், அந்த அறைக்குள் அவர் சொன்னது பொய். எனக்கும் அந்தப் பயம் தொற்றியது. இத்தனை கணினிகள் சரி என்று சொன்ன எண்ணுக்கு முன்னால், ஒவ்வொரு பின்னேரமும் இரண்டு கிழவர்கள் சோதனைக்கு வரிசையில் நிற்பவர்கள்போல உட்கார்ந்திருந்தோம். வாசலில் ஒரு வாகனம் மெதுவாகப் போனால் இருவர் பேனையும் நிற்கும்.

இரண்டு வருடத்துக்குக் கிட்டச் சென்றது. கடைசி முதன்மை எண் 46337. அவருக்கு அப்போது இலக்கங்களை வரிசையில் நிறுத்துவது கடினமாகிவிட்டது, கோடு கோடாகக் கீறி அதற்குள் எழுதினார். ஈவு 46344. மீதி 41719. என் தாளிலும் அதுதான். மறுபடி வகுத்தேன், அதுதான்.

“வகுபடல்ல காக்கா,” என்றேன். “முடிஞ்சிது. நீங்க அங்க சென்னது உண்மை.”

அவர் மீதியைச் சுற்றி வட்டம் போட்டார். பேனையை மூடினார்.

“இண்டைக்கு உண்மை,” என்றார். “அண்டைக்கு எனக்குத் தெரியாது.”

சாட்சிக் கோட்டில் ஒப்பம் போட நான் கையை நீட்டிக்கொண்டிருந்தேன். “அண்டைக்குச் சென்னதுக்கு இண்டைக்குச் சாட்சி போட ஏலாது தம்பி,” என்று அவர் கொப்பியை மூடித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.